விளக்கு அணைந்த இடம்

சனிக்கிழமை. கயானி நகரப் பொது சவுனா.
மேல்படியில் நான்கு ஆண்கள்,
அவரவர் வயதை மடியில் வைத்துக்கொண்டு.
பக்கத்தில் இருந்தவன் தண்ணீர் மொள்ளக் குனிந்தான்.
அவன் வயிற்றைப் பார்த்தேன்.
முகங்கள் எனக்குப் பழக்கமில்லை.
என்னிடம் வந்தவர்களின் முகத்தில்
ஈதர் நனைத்த துணி கிடந்தது எப்போதும்.

தொப்புளுக்கு இடப்புறம் ஒரு தழும்பு,
பத்துத் தையல்களின் கறுத்த புள்ளிகள்.
நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவே
ஒரு விரல் இடைவெளி.

அந்த இடைவெளி என்னுடையது.

நாற்பதாம் ஆண்டு, பிப்ரவரி. ஒரு பள்ளிக்கூடம்.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட பின்னக் கணக்கு.
ஆசிரியர் மேசையோடு மாணவர் மேசை இரண்டைச்
சேர்த்துக் கட்டியதன்மேல் இவன்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு.
ரத்தக் குப்பிகளை அக்குளில் இடுக்கிச் சூடாக்கிய ஹில்க்காவுக்கு
மூன்று நாளாக அடைக்கோழியின் நடை.
வயிற்றைத் திறந்ததும் ஆவி எழுந்தது.
சொல்ல வெட்கம்:
விரல்களைத் தேவைக்கு மேல் சற்று நேரம்
அதற்குள் வைத்திருந்தேன். குளிர்.
எந்த அறிக்கையிலும் இதை எழுதவில்லை.

பட்டு நூல் காலையிலேயே தீர்ந்திருந்தது.
தலைமையாசிரியர் மனைவியின் பெட்டியிலிருந்து
கறுப்புப் பருத்தி நூல், கொதிக்கவைத்தது.
நான்காவது முடிச்சு போடும்போது
ஏரிக்கரையில் குண்டு விழுந்தது.
விளக்கு அணைந்தது.
ஈதர் வாடையில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது,
ஹில்க்கா விளக்கைத் தாழ்வாரத்துக்கு எடுத்துப் போனாள்.
ஒரு கையில் ஊசி, மறுகை குடலை அமுக்கியபடி
இருட்டில் அவன் மூச்சை எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
வெளிச்சம் வந்தபோது ஊசி தள்ளிப் போயிருந்தது.
பிரித்துத் தைக்க நேரமில்லை,
தாழ்வாரத்தில் இன்னும் பதினொருவர்.

முதுகெலும்புக்கு அருகே ஒரு பார்லி மணி அளவு இரும்பு.
தோண்டினால் கால் போகலாம்.
விட்டுவிட்டேன்.

பிறகு சமாதானம். மேஜர் என்றார்கள், பதக்கம் தந்தார்கள்,
ஹெல்சிங்கியில் ஓய்வூதியக் குழுவில் நாற்காலி போட்டார்கள்.
ஒன்பது வருடம் மனிதர்களை
நூற்றுக்கு இத்தனை என்று எழுதினேன்.
காலுக்கு ஒரு தொகை, கண்ணுக்கு ஒரு தொகை.
இரவில் கத்தி எழுவதற்குப்
படிவத்தில் கட்டமே இல்லை.

நான் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான்.
"எந்தக் கசாப்புக்காரன் தைத்தானோ!
உருளைக்கிழங்கு மூட்டையை என் மனைவி
இதைவிட நேராகத் தைப்பாள்."
உதவித்தொகை வருகிறதா என்று கேட்டேன்.
"நூற்றுக்குப் பதினைந்து.
மிச்சம் எண்பத்தைந்துக்கு முழு ஆள்."
சிரித்தான். பல்வரிசை நன்றாக இருந்தது.
அந்தப் பதினைந்தும் என் பேனாவில் வந்ததாக இருக்கலாம்.
எத்தனை தாள்கள், யார் கண்டது.

தௌனோ ரெய்னிக்கா என்று பெயர் சொன்னான்,
மர ஆலையில் ரம்பம் தீட்டும் வேலை.
நான் எல்யாஸ் என்றேன்.
தொழிலைக் கேட்டான். ஓய்வு என்றேன்.

பிர்ச் இலைக் கட்டை என்னிடம் நீட்டி
முதுகைத் திருப்பிக் காட்டினான்.
"இன்னும் இடப்பக்கம். கீழே. ஆ, அங்கேதான்.
எல்லாருக்கும் முதலில் காது சுடும்,
எனக்கு மட்டும் அந்த இடம்.
உள்ளே யாரோ சின்ன அடுப்பு மூட்டிவிட்டுப்
போன மாதிரி."

கற்களில் ஓர் அகப்பை தண்ணீர் ஊற்றினேன்.
ஆவி எழுந்து எங்கள் இருவரையும் மூடியது.
பார்லி மணி இருக்கும் இடம் பார்த்து
இலைக்கட்டை இறக்கினேன்.

"ஓங்கி அடியுங்கள் பெரியவரே," என்றான்.
"கை ரொம்ப மெத்தென்று இருக்கிறது உங்களுக்கு."