பதினொரு பக்கம் சாகிறவள்

வேலந்தாவளம் வாயனசாலைக்கு
இரண்டு மாநிலத்துத் தூசியும் வரும்.
சோதனைச்சாவடியில் தேங்காய் லாரிகள் உறுமும்போது
புத்தகத் தட்டுகள் லேசாக அதிரும்.

திருச்சூரிலிருந்து வந்த நன்கொடைப் பெட்டியில்
பாதிக்குமேல் வருமான வரிச் சட்டம்.
அடியில் ஒரு படப்புத்தகம்,
சோற்றுத் தட்டைவிடப் பெரியது.
ஆப்பெரா என்று அட்டையில் தங்க எழுத்து.
பின்னட்டையில் குறுந்தகடு வைக்க ஓர் உறை,
உறைக்குள் வட்டமாக ஒரு தடம் மட்டும்.

எனக்கும் தெரியாது.
"பேச வேண்டியதையெல்லாம் பாடுகிற நாடகம்" என்றேன்.
"தண்ணி குடுன்னாலுமா?" தவசி கேட்டான்.
"தண்ணி குடுன்னாலும்."
"கரண்டு பில்லு கட்டணும்னாலுமா?"
"கட்டலைன்னா இன்னும் உச்சத்துல."

அதற்கப்புறம் அரைமணி நேரம் ஒருத்தரும் பேசவில்லை.
பென்சிலைப் பாடிக் கேட்டார்கள்.
ஒன்றுக்குப் போகப் பாடி அனுமதி வாங்கினார்கள்.
பேப்பர் படிக்க வந்த வேலாயுதன் சேட்டன்
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு
மலையாளத்தில் பாடித் திட்டினார்.
சுமாரான குரல்தான். கைதட்டினோம்.

கதை இவ்வளவுதான்:
ஓடக்காரி ஒருத்தி. மாறுவேடத்தில் ஒரு பிரபு.
அவனுக்கு எறிந்த கத்தி இவள்மேல் பாய்கிறது,
பதினாறாம் பக்கத்தில்.
ஆறு சிவப்புத் துணியாக மடிந்து மடிந்து ஓடுகிறது.
அவள் வாயைத் திறக்கிறாள்.
அடுத்த பக்கத்திலும் திறந்த வாய்.
அதற்கடுத்ததிலும்.
"கொட்டாவியா?"
"பல் டாக்டர்கிட்டப் போயிருக்கா."
"ஆட்டைக் கூப்பிடறாளுங்க."

ஜெஸ்னா எச்சில் தொட்டுப் புரட்டி எண்ணினாள்.
பதினொரு பக்கம்.
"கத்தி வயித்துலயே நிக்குது.
ஆஸ்பத்திரிக்குப் போகாம
எதுக்குங்கக்கா பாட்டு?"

நான் பின்னட்டையைப் பார்த்தேன்.
வயது ஆறு முதல் என்று போட்டிருந்தது.
வேறொன்றும் போட்டிருக்கவில்லை.

பிரஜிலா எப்போதும் ஜன்னலோரம்.
பழைய குறுக்கெழுத்துக் கட்டங்களுக்கு
வண்ணம் அடித்துக்கொண்டிருப்பாள்.
தலையைத் தூக்காமல் சொன்னாள்:
"எங்கப்பா மதுக்கரை தாண்டற வரைக்கும்
பேசிக்கிட்டேதான் வந்தாரு.
மாட்டுக்குத் தண்ணி வெச்சியான்னாரு.
சீட்டுப் பணம் யாருகிட்ட நிக்குதுன்னு சொன்னாரு.
அப்புறம் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல,
வேகத்தடையா எண்ணுனாரு.
ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு.
நிறுத்துனாப் போயிருவோம்னு தெரிஞ்சா
நிறுத்துவாங்களா?"

பச்சைக் கலர் தீர்ந்துபோய்
நீலத்தை எடுத்தாள்.
வெளியே ஏதோ வண்டியின் ஏர்ஹார்ன், நீளமாக.

வியாழக்கிழமை
போனில் ஒரு பாட்டைத் தேடிப் போட்டேன்.
இந்தக் கதை இல்லை, வேறு எதுவோ,
இத்தாலியோ ஜெர்மனோ.
யாரோ ஒரு பெண்மணி.
முதலில் சிரிப்பு. "பிரேக் பிடிக்கற சத்தம்" என்றான் தவசி.
அப்புறம் சிரிப்பு தானாகவே இறங்கியது.

பிரஜிலா எழுந்து வந்து
புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
பதினாறாம் பக்கம்.
அந்தப் பெண்மணி மூச்சு வாங்கும் இடத்தில்
ஒரு தாளைப் புரட்டினாள்.
மறுபடி மூச்சு, மறுபடி தாள்.
ஒரு சொல் புரியவில்லை யாருக்கும்,
மூச்சு புரிந்தது.

பாட்டு முடிந்துவிட்டது.
ஓடக்காரிக்கு இன்னும் மூன்று பக்கம் மிச்சம்,
வாய் திறந்தபடி.
போனில் விளம்பரம் வந்தது, அணைத்தேன்.

தவசிக்குத்தான் பொறுக்கவில்லை.
அடித்தொண்டையில், கொஞ்சம் பயந்து,
"மாட்டுக்குத் தண்ணி வெச்சியா..." என்று இழுத்தான்.
நான் அவன் வாயைப் பொத்தக் கையை எடுத்துவிட்டேன்.

பிரஜிலா தாளைப் புரட்டாமல்
விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள்.
"அவ்ளோ மெதுவா இல்ல" என்றாள்.
"ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு மேல
கேக்கணும்."