இருநூறு கீறல்

பம்ப்பில் இலக்கம் இல்லை.
மருந்து முடிந்த பிறகும்
'ஸ்ஸ்' என்றுதான் சொல்லும்.
வெறுங்காற்றைத் தந்துவிட்டு
தந்தேன் என்று சாதிக்கும்
எங்கள் முதலாளியைப் போல.

அதனால்
போறணைக்கு வலப்பக்கச் சுவரில்
கரித்துண்டால் கீறி வைக்கிறேன்.
ஒரு இழுவைக்கு ஒரு கோடு.
ஐந்தாவது, மற்ற நாலையும் குறுக்கே வெட்டும்.
இருநூறு கழிந்தால்
அது என்ன சத்தம் போட்டாலும் நம்பக்கூடாது.

பாலையூற்றில் இரவு இரண்டு மணிக்கு
மா மூட்டை அவிழும்.
வெள்ளையாய் எழும்பி
குழல்விளக்கைச் சுற்றி நின்று
ஆறுதலாக என் தோளில் இறங்கும்.
பதினொரு வருடம்.
சோறு போட்டதும் அந்த மாதான்,
முட்டு வருத்தம் தந்ததும் அதுதான்.
ஆனியில் கச்சான் வேறு
தெருப்புழுதியைக் கூட்டிக்கொண்டு உள்ளே வரும்.

முதலில் தொண்டையில் ஒரு அரிப்பு.
பிறகு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி.
பிறகு
அரை வசனத்துக்கு மேல்
பேச முடியாது.

கையைக் கழுவு.
மூடியைக் கழற்றி வாய்க்குழலுக்குள் பார்.
(ஒருநாள் பணிசுக்குத் தூவும் எள்
இரண்டு உள்ளே கிடந்தது.
பார்க்காமல் இழுத்திருந்தால்
எள் எங்கே போயிருக்கும்?)
குலுக்கு.
உள்ளே இருப்பதை முழுக்க விடு,
அவசரப்படுகிற நெஞ்சுக்கு
இதுதான் பெரிய பாடு.
உதட்டால் மூடி
இழுக்கத் தொடங்கும்போதே அமுக்கு.
மெதுவாக. இன்னும் மெதுவாக.
தட்டில் பன்னிரண்டு றாத்தல் பாண்,
பத்தாவது வரை கண்ணால் எண்ணி
மூச்சைப் பிடித்து வை.

கை கொஞ்சம் நடுங்கும்.
நெஞ்சு படபடக்கும்.
பூனை இறங்கிப் போகும்.
கோடு போடு.

இப்படி ஒழுங்காகத்தான் இருந்தேன்.
கணக்கில் எனக்குப் பெருமை கூட.

விடிய நாலு மணிக்கு
பாண் ஓட்டோவுக்கு ஏற்ற வந்த சிஹாப்
சுவரைப் பார்த்து நின்றான்.
"யாருக்கு வில்வண்ணன் இவ்வளவு கடன்?"

சிரிக்கத் தொடங்கி,
சிரிப்பு இருமலாகி,
பிறகு நானும் பார்த்தேன்.
தையில் உடைத்த பம்ப்
சித்திரை வருசம் வரை வந்தது.
இது
பத்தொன்பது நாள்.

போனில் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு
கிளினிக்குக்குப் போனேன்.
டொக்டர் பிள்ளை படத்தை விரித்து விரித்துப் பார்த்தா.
"கணக்கு சரி.
சரியாக இருக்கிறதுதான் பயமாக இருக்கு" என்றா.
மண்ணிறப் பம்ப் எங்கே என்று கேட்டா.

வைகாசியில் விட்டுவிட்டேன்.
இழுத்தால் ஒன்றும் தெரிகிறதில்லை,
நடுக்கமில்லை, விடுதலையில்லை.
என்னத்துக்கு என்று
ராக்கையில் வைத்தேன்.
ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவை
ஈரத்துணியால் மூடிவிட்டு
ஒன்றும் நடக்கவில்லை என்று
ஒருநாளும் கொட்டாதவன்
நான்.

இப்போது காலை இரண்டு, இரவு இரண்டு,
வாய் கொப்பளித்துத் துப்பு.
மூக்கை மூடித் துணி.
மூட்டை அவிழ்க்க வேறு பொடியன்,
அவனுக்கும் ஒரு துணி.
நீலம் சட்டைப் பையில்,
போறணைச் சூட்டுக்குத் தள்ளி.

இடப்பக்கச் சுவரில் புதுக் கணக்கு.
ஆடி முழுக்கப் பதினொரு கோடு.
ஒன்று சந்தேகம்,
அமுக்கினேனா, நினைத்தேனா தெரியாது.
போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

சிஹாபிடம் சொல்லி இருக்கிறேன்:
நீலம் இழுத்தும் நான் வசனம் முடிக்காவிட்டால்,
நாலு மணித்தியாலத்துக்குள்
திரும்ப அதைத் தேடினால்,
கோட்டை எண்ணிக்கொண்டு நிற்காதே.
என்னை இருத்தி வைத்தபடி, படுக்க வைக்காமல்,
பாண் தட்டுகளுக்கு நடுவே ஏற்று.
ஆஸ்பத்திரி மட்டும் ஓட்டு.
பாண் பாட்டை நிறுத்த வேண்டாம்,
சனம் விலகும்.
மான்கள் விலகாது.
அதுகளுக்கு ஹோர்ன் அடி.