சார்பு

ராயக்கோட்டை மண்டி வாசலில்
எட்டடிக்குப் பத்தடி எல்இடி பலகை.
"ஏல விலையைப் படமா காட்டணும்,
தக்காளி சும்மா உருண்டுக்கிட்டே இருக்கணும்"
என்றார் திம்மராயன்.

நான் எதையும் உருட்டவில்லை.
நேரத்தைக் கொடுத்தால் படம் தருகிற
சில வரிகள் எழுதினேன், அவ்வளவுதான்.
ஒன்பதாம் நொடியைக் கேட்டால்
ஒன்பதாம் நொடியின் தக்காளி.
எட்டாம் நொடிப் பழம் எங்கே போயிற்று என்று
அதற்குத் தெரியாது.
அழிப்பதில்லை, திருத்துவதில்லை,
கணத்துக்கொரு புதுப்பழம்.
உருட்டிக்கொள்வது பார்க்கிறவர் கண்.

ஆரத்துக்கு விலையின் வர்க்கமூலம் வைத்தேன்.
இல்லையென்றால் விலை இரண்டு மடங்கானதும்
பழம் நாலு மடங்காய் ஊதிப் பொய் சொல்லும்.
காம்பு ஒரு சார்பு,
தோலில் விழும் வெயில் ஒரு சார்பு,
ஒன்றின் விடையை இன்னொன்றுக்கு ஊட்டி
முழுப்பழமும் ஒரே சார்பு.
பத்தாம் வகுப்பில் படித்த அதேதான்:
ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை,
காலையில் கேட்டாலும்
கரண்ட் போய் வந்து கேட்டாலும்.

ஆடியில் பெட்டி எண்பதுக்கு விழுந்தது.
பலகையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு சிவப்பு.
பஞ்சப்பள்ளியிலிருந்து வந்த மாதேவி
அண்ணாந்து பார்த்தாள்.
"வண்டி வாடகைக்கே காணாதே இந்தப் பழம்."
இறக்கிய நாலு பெட்டியையும்
திரும்ப ஏற்றச் சொன்னாள்.
பின்னால் வந்த டெம்போக்களும்
எஞ்சினை அணைக்காமல் நின்றன.

திம்மராயன் மாடியேறி வந்தார்.
"நேத்து விலையிலருந்து மெதுவா இறங்குற மாதிரி காட்டும்மா.
எல்லாரும் சரக்கை இறக்கிடட்டும்."
நேற்றை வைத்துக்கொள்ள இதில் இடமில்லைங்க, என்றேன்.
மூலை கிடையாது, பின்பாக்கெட் கிடையாது,
உள்ளே வருகிற எண்ணைத் தவிர
இதற்கு உலகமே தெரியாது.
பிறகு, இது வெறும் சார்புங்க, என்றேன்.

"சார்புன்னா, யார் சார்பு?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.
கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து
ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார்:
இரண்டு, இரண்டு, பூஜ்யம்.

தக்காளி விரிந்தது.
வர்க்கமூலம் தவறாமல்,
காம்பு துளியும் கோணாமல்,
தோலில் அதே வெயில்.
அந்தப் பொய்க்கு எவ்வளவு அகலம் வேண்டுமோ
மில்லிமீட்டர் பிசகாமல் அவ்வளவு.

என் வரிகளை மேலிருந்து படித்தேன்.
பிழை இல்லை.
மறுபடி படித்தேன்.

ஜன்னலுக்குக் கீழே
எஞ்சின்கள் ஒவ்வொன்றாய் அணைந்தன.
ரயில்வே கேட் வரை போய்விட்ட
மாதேவியின் டெம்போ
திரும்பி வந்துகொண்டிருந்தது.