இருபத்திரண்டு

லியபாயாவில் பனி இன்னும் இளகவில்லை.
ஸ்கைத்ரீட்டே கையுறைகளைக் கழற்றி
என் மேசை ஓரத்தில் வைத்தாள்,
ஜோடி சேர்த்து, விரல்கள் சுவரைப் பார்க்க.
லாட்விய மொழியில் அவள் பெயருக்குள் தெளிவு என்றொரு சொல் இருக்கிறது.
படிவத்தில் அதற்கு நேர் கீழே
நோயின் பெயர், என் கையெழுத்தில்.

முப்பத்தொரு வருடம் மீன் டப்பா ஆலையில்.
புகையூட்டிய ஸ்ப்ராட் மீன்களை
வாலும் கழுத்துமாய் மாற்றி மாற்றி அடுக்குகிறவள்.
டப்பாவுக்கு இருபத்திரண்டு.

குரல் கேட்கிறதா?
கேட்கிறது.
என்ன சொல்கிறது?
"இருபத்தொன்று என்கிறது, டாக்டர்.
தினமும். ஒவ்வொரு டப்பாவுக்கும்."
நீங்கள்?
"எண்ணிப் பார்ப்பேன். இருபத்திரண்டு இருக்கும்.
தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பேன்.
அது ஓய்ந்துபோனால்தான்
எண்ணாமல் விட்டுவிடுவேனோ என்று பயம்."

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன்.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது.
நடுவில் தொலைபேசி அடிக்க
எங்கே விட்டோம் என்று மறந்தது நான்தான்.
எழுபத்திரண்டு, என்றாள் தணிந்த குரலில்,
போடாமல் விட்ட பொத்தானை
ஒருவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்வதுபோல.

படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
இயலும். ஓரளவு இயலும். இயலாது.
குரலோடு வழக்காடி
நாளுக்கு நானூறு முறை ஜெயிப்பவளை
எந்தக் கட்டத்தில் உட்கார வைப்பது?

பிறகு அவளே ஆரம்பித்தாள்.
"ராத்திரி மாத்திரை நல்ல மாத்திரைதான்.
ஆனால் காலை ஒன்பது மணிவரை
இவை இரவல் கைகள்.
ஆலைச் சங்கு ஆறுக்கு ஊதுகிறது.
போன மாதம் மூடி இயந்திரத்தில்
ஒரு விரல் போகப் பார்த்தது."
எந்த விரல் என்று காட்டவில்லை.
"என்னைச் சோதிக்கிறீர்கள், சரி.
அந்தக் கடிகாரத்தையும் ஒருநாள்
கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்களேன்."

கடிகாரத்துக்குப் படிவம் கிடையாது.
ஓரத்து வெள்ளையில் எழுதினேன்:
ஒன்பதரை மணி ஷிஃப்டில், இயலும்.
கணினி ஓரங்களைப் படிக்காது என்று
ஆணையத்தில் ஏற்கெனவே இருமுறை சொல்லியாயிற்று.
மூன்றாம் முறையும் சொல்லட்டும்.

இரவு, கம்பு ரொட்டியோடு
ஒரு டப்பா திறந்தேன். அவள் ஆலைதான்.
சாப்பிடுமுன் முள்கரண்டியால் எண்ணினேன்.
இருபத்தொன்று.
விளக்கைக் கிட்டே இழுத்து
மறுபடி
எண்ணத் தொடங்கினேன்.