காறை எலும்பு

கரும்புக் காட்டுக்கு நடுவே
தீ தாவாமல் இருக்க விட்ட செம்மண் தடத்தில்
மூன்றாவது கியரில் போனேன்.
வெட்டிப் போட்ட தோகைக்கு அடியில்
பள்ளம் ஒன்று படுத்திருந்தது.
எனக்குத் தெரியாது. முன்சக்கரத்துக்குத் தெரிந்தது.

சத்தம் வெளியே கேட்கவில்லை,
உள்ளே கேட்டது,
காய்ந்த முருங்கைக் கிளையை யாரோ
என் காதுக்குக் கீழே வைத்து ஒடித்த மாதிரி.

கரும்பு வெட்டிக்கொண்டிருந்த சிபுசிஸோ
ஓடிவந்து முதலில் இன்ஜினை அணைத்தான்.
பிறகுதான் என்னைப் பார்த்தான்.
"அசையாதே, சிஸி."
தலைத்துணியை அவிழ்த்து
என் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினான்.
கரும்புக் கரியும் வியர்வையும் ஊறிய துணி.
இன்னும் துவைத்துத் திருப்பிக் கொடுக்கவில்லை.

எக்ஸ்ரேயில் பார்த்தேன்.
ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே,
பாகம் பிரித்த அண்ணன் தம்பிபோல்
முகம் பாராமல்.
டாக்டர் ஆங்கிலத்தில் ஏதோ பெயர் சொன்னார்.
எனக்குத் தெரிந்த பெயர் காறை எலும்பு.
காறை என்றால் கழுத்தில் பூட்டும் நகை.
முப்பத்தொன்பது வருடம் போட்டிருந்த நகை,
உடைந்த பிறகுதான்
இருந்ததே தெரிந்தது.

ஆறு வாரம் என்றார்கள்.
முதுகில் எட்டுப் போட்டு இறுக்கிக் கட்டினார்கள்.
படுக்க முடியாது. சோபாவில் உட்கார்ந்தபடியே உறக்கம்.
தும்மினால் உயிர் போகும்.
மின்வெட்டு இரவுகளில்
இருமலைப் பல்லால் கடித்துக்கொண்டு
டொங்காட் ஆலையின் சங்கு ஊதும்வரை விழித்திருப்பேன்.

பக்கத்து வீட்டு பாக்கியவதி ஆன்ட்டி
பீன்ஸ் குழம்போடு வந்து
"இந்தத் தோளில் காவடி எடுத்திருக்கலாம்" என்றாள்.
குழம்பு நன்றாக இருந்தது.

தனசீலன் ஒன்றும் சொல்லவில்லை.
ஆலையில் வெல்டர். எப்போதுமே பேச்சு குறைவு.
காலையில் என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவான்,
கீழிருந்து மேலாக,
நீராவிக் குழாய்க்கு போல்ட் முடுக்குகிற கவனத்தோடு.
பின்னத் தெரியாது. ரப்பர் பேண்டில்
குதிரைவால் ஒன்றை இழுத்துக் கட்டுவான்.
நாள் முழுக்க என் புருவங்கள்
எதையோ பார்த்து வியந்தபடியே இருக்கும்.

நான் இடக்கைக்காரி.
வலக்கையால் பிசைந்த சோறு பாதி மடியில்.
கோவாஷ்னி சிரிப்பாள்.
பதின்மூன்று வயதில் அம்மா விழுவதும் வேடிக்கைதான்.
விளக்கணைத்த பிறகு மட்டும் வந்து நின்று
"மறுபடி ஓட்டுவியா?" என்பாள்.
தூங்குவதுபோல் இருந்துவிடுவேன்.

நாலாம் வாரம் எலும்பில் ஒரு முடிச்சு,
வேப்பங்கொட்டை அளவு.
தனசீலன் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தான்.
"அசிங்கமான ஒட்டு. ஆனா பிடிக்கும்."

பைக் கராஜில், தார்ப்பாய்க்குள்.
பின்சட்டம் முறிந்து கிடக்கிறது.
"அதை ஒட்ட மாட்டியா?" என்றேன் ஒருநாள்.
"அலுமினியம். ஆர்கான் கேஸ் வேணும்.
நம்மகிட்ட இல்ல."
இல்லை என்பதை இரும்புக் கதவுபோல் சாத்திவிட்டுக்
குளிக்கப் போனான்.

அதற்குமேல் கேட்கவில்லை.
தூக்கி எறிந்த தடத்தின்மேல்
எனக்குக் கோபமே வரவில்லை.
வராததுதான் பயமாக இருந்தது.

இன்று பட்டியை அவிழ்த்தார்கள்.
கட்டவிழ்ந்த கன்றுபோல்
எங்கே போவதென்று தெரியாமல் தோள் நிற்கிறது.
தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜுக்குப் போனேன்.
கதவில், காந்தத்துக்கு அடியில்,
சனிக்கிழமைச் சாமான் பட்டியல், அவன் கையெழுத்தில்:

பால்
உருளைக்கிழங்கு
ஆர்கான், சின்ன சிலிண்டர்
சோப்பு

கொஞ்ச நேரம் நின்றேன்.
பேனாவை இடது கையில் எடுத்து
சோப்புக்குக் கீழே முட்டை என்று எழுதினேன்.
நடுங்கி, வரியை விட்டுச் சரிந்தது.
படிக்கலாம்.