வேறு ஏதாவது?

தார்த்து நகரம், நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
ரப்பர் பொம்மையை நகர்த்திவிட்டுக்
கட்டிலில் ஏறிப் படுக்கிறான் ரைவோ.
இன்று அவன்தான் நோயாளி:
வயது எழுபது, தினமும் வார்ஃபரின்.
விவரமெல்லாம் கையிலிருக்கும் அட்டையில்.

"வேறு ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா?"
படிவத்திலிருந்து கண்ணெடுக்காமல் கைசா.
"இல்லை."
டிக்.

அட்டையைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன்.
காலையும் மாலையும்
மஞ்சள் பூ மூலிகைத் தேநீர்.
அவள் பேனாவை மூடுவதற்குள்
மாத்திரையின் பிடி தளர்ந்து
எங்கோ ஒரு துளி உறைய ஆரம்பித்திருக்கும்.

"பொய் சொல்லிட்டான், டீச்சர்!"
பொய்யில்லை.
தேநீரை யார் மருந்தென்பார்கள்,
அதுவும் நிமிராத முகத்திடம்?

மறுபடியும்.
படிவம் கவிழ்ந்து கிடக்கிறது.
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்கிறாள் கைசா.
"ராத்திரி தூக்கம் வரலன்னா என்ன செய்வீங்க?"

ரைவோ அட்டையைப் பார்க்கவில்லை.
"அம்மா போனதிலிருந்து
தலையணைக்கடியில் ஒரு கல்.
பெய்ப்சி ஏரியில் பொறுக்கினது.
அது இருந்தால் தூங்கிடுவேன்."

அவனுக்கு வயது பத்தொன்பது.
ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"இதை எந்தக் கட்டத்தில் எழுத?"
கைசா என்னைத்தான் கேட்டாள்.

கல்லுக்கும் வார்ஃபரினுக்கும் பகையில்லை
என்றேன்.
வேறெதுவும் வாயில் வரவில்லை.