நாலு பேருக்கும் ஒரே நாளில் லீவு

குறிகட்டுவானில் படகுக் கயிறு அவிழும் முன்னமே
ஜெனிற்றா செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள்.
இனி நாளைக்குத்தான், என்றாள்,
ஏதோ சபதம் மாதிரி.

எட்டு வருஷமாய் ஒரே வாட்டு.
ஒருத்தி வர மற்றவள் போவாள்.
வாசலில் திறப்புக் கோர்வையைக் கைமாற்றும்போது
நின்ற நிலையில் கதைத்ததுதான்
எங்கள் சிநேகிதம் முழுவதும்.
இந்த ஒரு நாளுக்காக
சுகிர்தா மூன்று இரவு டியூட்டியைத் தலையில் வாங்கினாள்.
நான் ஒரு பொய் சொன்னேன்:
மச்சாளுக்குக் கலியாணம்.
எனக்கு மச்சாளே இல்லை.

சீமெந்து மூட்டைகளுக்கும்
கயிறு போட்டுக் கட்டிய மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே
உப்புத் தூவானம் முகத்தில் அடிக்க
வதனி சத்தி எடுத்தாள்.
மூன்று தாதிமார் ஒரேயடியாய் எழும்பினோம்.
"இருங்கோடி" என்றாள் வாயைத் துடைத்தபடி,
"நான் இண்டைக்கு ஆற்றையும் நோயாளி இல்லை."

ஓட்டோக்காரப் பெடியன்
கோட்டை, பெருக்கமரம், குதிரை லாயம் என்று
விரல் மடித்து எண்ணத் தொடங்கினான்.
"தம்பி, ஒண்டுமே இல்லாத இடம் இருக்கோ?"
கொஞ்சம் யோசித்தான்.
"மேற்கால போனா நிறைய இருக்கு அக்கா."

உண்மைதான். நிறைய இருந்தது.
முருகைக்கல் வேலி முடிந்த இடத்தில்
வெள்ளை மணலும் தாழம் பற்றையும்.
கழுத்தளவு தண்ணி தேடி
சுடிதாரோடு நடந்தோம், நடந்தோம்.
கடல் முழங்காலைத் தாண்டவேயில்லை.
பிறகென்ன, அப்படியே படுத்தோம்,
நாலு கட்டில் போட்டது மாதிரி வரிசையாய்.
காதுக்குள் தண்ணி போய்
உலகம் தள்ளிப் போனது.
ஒரு குட்டி மீன் என் குதிக்காலைக் கடித்துப் பார்த்துவிட்டு
விருப்பமில்லாமல் போனது.

கரையேறினால்
எங்கள் பாணை ஒரு கட்டாக்காலிக் குதிரை தின்றுகொண்டிருந்தது.
கலைக்கப் போன சுகிர்தா கிட்டப் போய் நின்றாள்.
விலா எலும்பு எண்ணலாம் போலிருந்தது.
சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கழுவி
ஒன்றரை லீற்றர் தண்ணி வார்த்தாள்.
அது குடிக்கும் மட்டும்
ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
பகலைக்கு வெறும் கணவாய்க் கறி,
கையால் வழித்து.

ரெண்டேகாலுக்கு வதனியின் போன் அடித்தது.
எங்கிருந்தோ ஒரு கோட்டுச் சிக்னல்.
துணி அலுமாரித் திறப்பைக் காணேல்லையாம்.
நான் பையைக் கவிழ்த்தேன்:
சீப்பு, பனடோல், பஸ் துண்டுகள்,
திறப்பு.

மூன்று மணிக்குக் கடைசிப் படகு.
மணலில் கிடந்த திறப்பைச் சுற்றி
நாலு பேரும் குந்தியிருந்தோம்,
கரையொதுங்கிய ஏதோ பிராணியைப் பார்ப்பது போல.
"போகத்தான் வேணுமோ?"
ஒருத்தரும் ஓம் என்று சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை.
மூன்று மணி தானாகவே வந்து
தானாகவே போனது.
மூன்றரைக்கு ஒரு குறுஞ்செய்தி:
பூட்டை உடைச்சாச்சு. கலியாணம் எப்பிடி?

சிரித்த சிரிப்பில் ஜெனிற்றாவுக்கு விக்கல்.
திறப்பைத் தாழை முள்ளில் கொழுவிவிட்டோம்.
பொழுது பட மறந்துபோய்,
பிறகு டோர்ச் அடித்துத் தேடினோம்.
உடைஞ்ச பூட்டின்ர திறப்பு எதுக்கடி என்று வதனி கேட்க
தேடுவதை விட்டோம்.

அறை எடுத்திருந்தோம். ஆனாலும்
பாயை மணலில்தான் விரித்தோம்.
கதைக்க எட்டு வருஷம் மிச்சமிருந்தது.
பாதி இரவுக்குள் மூன்று பேரும் நித்திரை.
எனக்குத்தான் வரவில்லை.
நடுச்சாமத்தில் எழும்பி வாட்டுச் சுற்றிப் பழகிய கண்.
பக்கத்தில் கிடந்த ஜெனிற்றாவின் மூச்சை
என்னையறியாமல் எண்ணிவிட்டேன்.

"எத்தினை?" என்றாள், கண் திறக்காமல்.
"பதினாறு."
"சரி. லைற்றை நிப்பாட்டிப்போட்டுப் படு."

நிப்பாட்ட லைற் ஒன்றும் இல்லை.
நிலவு.